'முழு' என்று நான் எழுதிய முப்பத்து நாலு வேளைகள்

போன மாதம் எங்கள் பழைய மனநல வார்டிலிருந்து நர்ஸ் ஸ்டெல்லா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை. இப்போது அந்த வார்டுக்கு அவள்தான் பொறுப்பு. சாப்பாட்டு மேசைக்கு மேலே கேமரா மாட்டப் போகிறார்களாம்.

"ஒரு மனுஷி சாப்பிடுறதைக் கேமரா வெச்சுப் பார்க்கலாமா சிஸ்டர்? உங்க காலத்துல நீங்க எதிர்ல உட்கார்ந்து அன்பாப் பார்த்துக்கிட்டீங்க. அதைப் பத்திப் புதுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்களேன்" என்றாள்.

தமிழில்தான் எழுதுவேன், தெலுங்கில் மாற்றுவது உன் பாடு என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிவிடும். போனை வைத்த பிறகுதான் அந்த 'அன்பாப் பார்த்துக்கிட்டீங்க' உறுத்தத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத் தெரியும். அங்கே நோயாளியாக இருந்த பெனிட்டாவுக்கும் தெரியும். கேமரா வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு ஸ்டெல்லாவே முடிவு செய்யட்டும்.

என் பெயர் செல்வராணி. ராணி சிஸ்டர் என்றால்தான் யாருக்கும் தெரியும். தாத்தா பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டாளத்து வேலைக்கு வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்டவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைவீதியில் வேண்டாமுக்கு நக்கோ, ஆமாமுக்கு ஹவ் என்று இந்த ஊர் இந்தி. மூன்றும் கலந்ததுதான் என் பேச்சு. நர்ஸ் படிப்பு மூன்று வருடம், அறுவை சிகிச்சை வார்டு நாலு வருடம். அங்கே ஒரு பெரிய டாக்டரை எதிர்த்துப் பேசியதற்காக அந்தத் தனியார் மருத்துவமனை வேறு இடத்தில் நடத்திய மனநல வார்டுக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். தண்டனை என்று அழுதுகொண்டே போனவள் இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்தேன். வேறு இடம் நானாகக் கேட்கவே இல்லை.

அதற்குக் காரணம் அந்த வார்டை நடத்திய டாக்டர் வசுந்தரா. ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, உயரவே உயராத குரல். தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பேசுவார். நான் தமிழில் எழுதுகிறேன். காலையில் சுற்று வரும்போது கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். "இன்னிக்கு நல்லா இருக்காங்க மேடம்" என்று யாராவது சொன்னால் போச்சு. "நல்லாங்கிறது உங்க அபிப்பிராயம். நீங்க என்ன பார்த்தீங்க?" என்பார். எத்தனை வாய், எத்தனை நிமிஷம், தட்டில் என்ன மிச்சம், சாப்பிட்ட பிறகு கை எங்கே இருந்தது, இதையெல்லாம் சொல்ல வேண்டும். திட்ட மாட்டார். பதில் வரும்வரை பேனாவை மூடாமல் நிற்பார். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று இருக்கும்.

எங்களிடம் வந்தவர்களில் சிலருக்கு இரண்டு நோய்கள் சேர்ந்து இருக்கும். ஒன்று, ஓ.சி.டி. என்று எல்லாரும் சொல்லும் எண்ணச் சுழற்சி நோய். ஒரு பயம் திரும்பத் திரும்ப வரும். அதை அடக்க ஒரு சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். இன்னொன்று, சாப்பிட முடியாமல் போகிற நோய். இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும். இட்லியைப் பதினாறாகப் பிய்ப்பது எந்த நோய், பாதியை ஒதுக்குவது எந்த நோய் என்று பிரிக்க வராது. பட்டினி கிடக்கிற மூளையில் மருந்தும் சரியாக வேலை செய்யாது, பேச்சும் ஏறாது என்பார் டாக்டர். முதலில் உடம்பு தேற வேண்டும். கொஞ்சம் தேறியதும், பயத்தை வரவிட்டு, சடங்கைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கப் பழக்க வேண்டும். "நான் செஞ்சது சரியா?" என்று நோயாளி கேட்டால் நாங்கள் சொல்ல வேண்டிய பதில் "தெரியாது". பாவமாக இருக்கிறதே என்று "சரிதான்மா" என்று சொல்லிவிட்டால் அந்த ஆறுதலும் சடங்கில் ஒன்றாகிவிடும்.

சாப்பாட்டு வேளைக்கு எழுதி வைத்த முறை உண்டு. தட்டு வைத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். முப்பது நிமிஷம். நர்ஸ் எதிரில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். மேசைமேல் தட்டும் தம்ளரும் தவிர வேறொன்றும் கூடாது; கைக்குட்டைகூடக் கூடாது. சினிமா பேசலாம், ஊர்க்கதை பேசலாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. முறைத்துப் பார்க்கவும் கூடாது, தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவும் கூடாது. முடிந்ததும் நோயாளி ஒரு மணி நேரம் கூடத்தில் எங்களோடு இருப்பார். பிறகு அட்டவணையில் நாலு சொல்லில் ஒரு சொல்: முழு, முக்கால், அரை, கால். பக்கத்தில் கையெழுத்து. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் டாக்டர் மறுநாளைக்கு என்ன மருந்து, என்ன பரிசோதனை என்று முடிவு செய்வார்.

சாரதம்மா என்று ஒரு தெலுங்கு அம்மா வந்தார். மடி ஆசாரம் பார்க்கிறவர். குளித்து ஈரப் புடவையோடு தானே சமைத்ததைத்தான் சாப்பிடுவார். சமைக்கும்போது தெருவில் யாராவது இருமினாலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடியும் குளியல். கடைசியில் ஒரு நாளைக்கு இரண்டு வாழைப்பழம் என்று ஆகிவிட்டது. இதில் வழக்கம் எது, நோய் எது என்று எங்களுக்குக் குழப்பம். டாக்டரிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. அதே வழக்கம் உள்ள, நோய் இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்பார். சாரதம்மாவின் தங்கையை வரவழைத்தார். அந்த அம்மா யோசிக்கக்கூட இல்லை. "எங்க வீட்டுலயும் மடி உண்டு டாக்டரம்மா. ஆனா நாங்க சாப்பிடுறோம்" என்றார். அவ்வளவுதான், கோடு கிழித்தாயிற்று.

அன்றிலிருந்து சாரதம்மாவின் இரண்டாவது குளியலைத் தடுப்பது என் வேலை. குளியலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன். கும்பிட்டார், அழுதார், என் குலத்துக்கே சாபம் விட்டார். நான் அசையவில்லை. மனசு ஒரு நொடிகூட உறுத்தவில்லை. ஆறு வாரத்தில் அவர் வார்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வீட்டுக்குப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆக, பின்னால் நடந்ததை விவரம் தெரியாமல் செய்தேன் என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

மூன்று நாலு வருடம் கழித்து பெனிட்டா வந்தாள். பத்தொன்பது வயது. எங்கள் சபைப் பிள்ளை. அப்பாவுக்கு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை. அத்தனை தூரத்திலிருந்து ஞாயிறுதோறும் தமிழ் ஆராதனைக்குக் குடும்பமாக வந்துவிடுவார்கள். ஞாயிறு பள்ளியில் நானே இவளுக்கு வசனம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் பாதி இங்கிலீஷில் வரும். என்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டு வந்தாள். சட்டைக்குள் பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எடையை எழுத மாட்டேன். படிக்கிறவர்களில் தன் எடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிற பிள்ளைகள் இருப்பார்கள்.

அவள் அம்மா ஹெலன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இருக்கிற இடம்னு தெரிஞ்சதும்தான் எனக்கு உயிரே வந்துச்சு அக்கா. ஜெபத்துல இவ ஒரு குறையும் வைக்க மாட்டா. சாப்பாடு ஒண்ணுதான் இறங்க மாட்டேங்குது."

ஜெபத்தில் குறை வைக்கவில்லைதான். முதல் நாள் தட்டுக்கு முன்னால் நாலு நிமிஷம் ஜெபம் செய்தாள். மூன்றாம் நாள் பதினொரு நிமிஷம். உதடு அசையும், சட்டென்று நிற்கும், தலையை உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். நடுவில் ஒரு கெட்ட நினைப்பு வந்தால் அந்த ஜெபம் கெட்டது. கெட்ட ஜெபத்தோடு சாப்பிட்டால் சாப்பாடே பாவம். அவளுக்குள் இருந்த சட்டம் அது. அதற்குள் ரசம் ஆறி, சோறு விறைத்து, முப்பது நிமிஷமும் போய்விடும்.

டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "ராணி சிஸ்டர், உங்க வழக்கம் எனக்குத் தெரியாது. சாப்பிடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல எவ்வளவு நேரம் ஜெபம் பண்ணுவீங்க? திரும்பத் திரும்ப ஆரம்பிப்பீங்களா?"

எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் அரை நிமிஷம். ஆட்டுக்கறிக் குழம்பு என்றால் அதிலும் பாதி. ஒருவரும் மறுபடி ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை. சாரதம்மாவின் தங்கை சொன்ன மாதிரி ஒரே ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது இது:

"ஜெபத்துக்குக் கடிகாரம் வைக்க முடியாது மேடம். அது அவங்கவங்க விசுவாசம். ஒரு மணி நேரம் பண்றவங்ககூட இருக்காங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் நெற்றியில் பொட்டு இருந்தது. வேறு காரணம் இல்லை. எங்கள் ஜெபத்தை நோய் என்று ஒரு இந்து டாக்டரிடம் நானே காட்டிக் கொடுப்பதா என்று உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டது. சாரதம்மாவின் மடி எனக்கு நோயாகத் தெரிந்தது. எங்கள் பிள்ளையின் ஜெபம் பக்தியாகத் தெரிந்தது. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

டாக்டர் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தார். "சரி, உங்களுக்குத்தான் தெரியும்" என்று எழுதிக்கொண்டார். ஜெப நேரம் முப்பது நிமிஷத்தில் சேராது. மேசைமேல் வேதாகமம் இருக்கலாம். மற்ற எந்த நோயாளிக்கும் இல்லாத இரண்டு சலுகைகள், என் ஒரு பேச்சில்.

மறுநாள் மத்தியானம் பெனிட்டா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, கரெக்டா பண்ணேனா? நடுவுல ஒரு தாட் வந்துச்சு."

'தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடம். வருடக்கணக்காகச் சொல்லி நாக்குக்குப் பழகிய சொல். "சரியாத்தான் பண்ணின பிள்ள. ஆண்டவர் கேட்டுட்டாரு. சாப்பிடு" என்றேன்.

ஒரு வாய் சாப்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாளில் அடுத்தது வந்தது. "நீங்க பண்ணுங்க ஆன்ட்டி. உங்க ப்ரேயர்ல பேட் தாட் வராது."

செய்தேன். எங்கள் வழக்கத்தில் ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும். ஞாயிறு பள்ளியில் கண்ணைத் திறந்து பார்த்த வாண்டுகளின் தலையில் நானே குட்டு வைத்திருக்கிறேன். தட்டை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்ற வார்டில், அந்த மேசையில், நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு உருகி உருகி ஜெபித்தேன். திறந்தபோது தட்டில் சோறு குறைந்திருந்தது, அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. பிறகு தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று வேளைக்கு மூன்று ஜெபம் ஆனது. அட்டவணையில் முழு, முழு, முழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மற்ற நர்சுகளின் வேளையில் அவள் காலும் அரையும்தான் சாப்பிட்டாள். என் வேளையில் மட்டும் முழு. வார்டில் என் பெயர் கொடிகட்டிப் பறந்தது. டாக்டர்கூடக் கேட்டார், "உங்க கிட்ட மட்டும் எப்படி?" என்று. "அன்பாப் பேசினா சாப்பிடுறா மேடம்" என்றேன். ஜெபத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மறைக்கிறேன் என்று தெரிந்துதான் மறைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஸ்வப்னா என்ற தெலுங்குப் பிள்ளைக்கு மட்டும் சந்தேகம். "அக்கா, நேத்து என் வேளையில அரைத் தட்டுக்கே முப்பது நிமிஷமும் போயிடுச்சு. உங்க கிட்ட எப்படி இவ்வளவு சீக்கிரம்? அவ முழுங்குறதை நீங்க பார்த்தீங்களா?"

"நேத்து வந்தவ எனக்கு வேலை சொல்லித் தர்றியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் முகம் செத்துவிட்டது. அவள் கேட்டது சரியான கேள்வி. டாக்டர் தினமும் கேட்கிற கேள்வியும் அதுதான்.

எடையும் கொஞ்சம் ஏறியதாகத்தான் காட்டியது. அதற்கு அவள் என்ன தந்திரம் செய்தாள் என்று இங்கே எழுத மாட்டேன். என் 'முழு'வையும் அந்த எடையையும் நம்பி, தினமும் எடுத்த ரத்தப் பரிசோதனையை வாரத்துக்கு ஒன்றாக டாக்டர் குறைத்தார்.

அப்படிப் பதினேழு நாள் போனது. பிறகு அண்ணன் மகள் கல்யாணத்துக்காக எட்டு நாள் விடுப்பில் பாளையங்கோட்டைக்குப் போனேன். போன இரண்டாம் நாளே பார்வையாளர் நேரத்தில் வார்டிலிருந்து ஹெலன் கூப்பிட்டாள். "நீங்க ஜெபம் பண்ணாத்தான் சாப்பிடுவேங்குறா அக்கா. போனை அவ காதுல வைக்கிறேன், ஒரு ஜெபம் பண்ணுங்க." பந்தல் போடுகிறவர்களுக்கு நடுவில் நின்று பண்ணினேன். வைத்துவிட்டு அண்ணியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்: நான் வாயைத் திறந்தால்தான் அங்கே ஒரு பிள்ளை வாயைத் திறக்கிறது என்று.

கல்யாணத்தன்று ஆராதனை முடிந்து போனை எடுத்தால் ஏழு அழைப்பு. நான் கூப்பிட்டதும் ஹெலன் அழுதாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றாள். ஜெபம் பண்ணினேன். "நடுவுல கட் ஆச்சு ஆன்ட்டி. திரும்பப் பண்ணுங்க" என்றது பெனிட்டாவின் குரல். பண்ணினேன். "பேண்ட் சத்தத்துல கேக்கல. முதல்லேர்ந்து, ப்ளீஸ்." அதற்குள் போட்டோ எடுக்க என்னைத் தேடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"போதும் பிள்ள. ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அவள் வார்டு நடையில் விழுந்தாள். பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, பெரிய மருத்துவமனையின் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போனார்கள். அவள் சாமானை எடுத்து வைத்தது ஸ்வப்னாதான். வேதாகமத்துக்கு ஜிப் வைத்த தோல் உறை ஒன்று இருந்தது. அதற்குள் காய்ந்த இட்லித் துண்டுகளும் பூஞ்சை பிடித்த சப்பாத்தியும் காகிதத்தில் பொதிந்த சோறும் இருந்தன.

விடுப்பை முறித்துக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனிலிருந்து நேராக ஐ.சி.யூ.வுக்கு ஆட்டோ பிடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கில் குழாயோடு கிடந்தாள். ஹெலன் ஓடி வந்து என் கையைப் பிடித்து, "வந்துட்டீங்களா அக்கா, ஜெபம் பண்ணுங்க" என்றாள். அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தொண்டை கட்டியிருக்கிறது என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

அன்று மத்தியானம் டாக்டரின் மேசைக்கு முன்னால் நின்றேன். அட்டவணையும் அந்தத் தோல் உறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"ராணி சிஸ்டர், இந்தப் பதினேழு நாளா நீங்க என்ன பார்த்தீங்க?"

பேனா திறந்திருந்தது. "ஒண்ணும் பார்க்கல மேடம். கண்ணை மூடிட்டிருந்தேன்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், எங்கள் வீட்டு அரை நிமிஷ ஜெபம் உட்பட.

"எனக்குத் தெரியாதுன்னுதானே உங்களைக் கேட்டேன்" என்றார். குரல் அப்போதும் உயரவில்லை. அட்டவணையை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்துள்ள இடங்களில் 'முழு'வை அடித்து மேலே 'தெரியாது' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் மறுபடி கையெழுத்துப் போடச் சொன்னார். பதினேழு நாள், நாளுக்கு இரண்டு வேளை, முப்பத்து நாலு இடம். முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றார். என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மாற்றினால் தேவலை என்றும் இருந்தது. "அந்தப் பொண்ணு திரும்பி வந்ததும் எதிர்ல நீங்கதான் உட்காருவீங்க. சாப்பாட்டை உங்க ஜெபத்தோட முடிச்சுப் போட்டு வெச்சிருக்கா. அதை நீங்கதான் அவிழ்க்கணும்" என்றார்.

ஸ்வப்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். மருந்து அறையில், தனியாக. திட்டியது மட்டும் எல்லார் முன்னாலும்.

பெனிட்டா இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை டாக்டர் எங்கள் போதகரை வரவழைத்துக் கேட்டார். அவர் எளிமையான மனிதர். "எங்க வீட்டுல அரை நிமிஷம் டாக்டர். அப்புறம் சாப்பிட்டுருவோம்" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டியது. அதன்படி, கண்ணைத் திறந்தபடி அரை நிமிஷ ஜெபம், ஒரே ஒரு தடவை. கெட்ட நினைப்பு வந்தால் வரட்டும், அதோடேயே சாப்பிட வேண்டும். மேசைமேல் தட்டும் தம்ளரும் மட்டும்.

முதல் நாள், "கரெக்டா பண்ணேனா ஆன்ட்டி?" என்றாள். "தெரியாது பிள்ள" என்றேன். நம்ப முடியாமல் பார்த்தாள். மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். "நீங்க விசுவாசியே இல்ல" என்று தட்டைத் தள்ளினாள். சாரதம்மாவின் சாபம் என்னைத் தொடவே இல்லை, இது தைத்தது. ஒரு வாரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள், அழுதுகொண்டே, கெட்டுப்போன ஜெபத்தோடு அரை இட்லி சாப்பிட்டாள். நான் 'கால்' என்று எழுதினேன். பதினோரு வாரம் அப்படிப் போனது. பிறகு இரண்டு வருடம் மருந்தும், டாக்டரோடு வாராவாரம் பேச்சும். நடுவில் ஒரு தடவை மறுபடி வார்டில் சேர்ந்தாள். படிப்பை முடித்து மாதாப்பூரில் வேலைக்குப் போனாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில், ஆண்டவர் செய்த நன்மைக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஹெலன் கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொல்வது என்றுதான் மேடையேறினேன். அத்தனை முகங்கள், அத்தனை கண்ணீர். என் வாய் அதன்பாட்டுக்கு ஓடியது. மருத்துவத்தால் முடியாததை ஜெபம் செய்தது என்றேன். நான் அருகில் உட்கார்ந்து ஜெபித்து ஜெபித்து அந்தப் பிள்ளையைச் சாப்பிட வைத்தேன் என்றேன். டாக்டரின் பெயரைச் சொல்லவில்லை. உறையைச் சொல்லவில்லை. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பெனிட்டா மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

ஆராதனை முடிந்து பந்தலில் சாப்பாடு. கையில் பிரியாணித் தட்டோடு அவளே என்னிடம் வந்தாள்.

"நல்லாப் பேசினீங்க ஆன்ட்டி." குரலில் கேலி இல்லை. "ஒண்ணு சொல்லவா? பைபிள் கவர்ல எடுத்து வைக்கிறப்போ நான் ஸ்லோவாதான் வைப்பேன். ஜிப் சத்தம் வேணும்னே போடுவேன். எவ்ரி டைம். நீங்க ஒரு தடவை கண்ணைத் திறந்தா போதும்னு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே பிள்ள."

"எனக்குச் சொல்ல வரல. நீங்க பார்த்திருந்தா நான் சொல்லவே வேண்டாம்ல?"

அந்தச் சத்தம் எனக்குக் கேட்டிருக்கிறது. டாக்டரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. மூடிய கண்ணுக்கு முன்னால் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது, ஒரு தடவை இல்லை, பல தடவை. வேதாகமத்தைத் திறக்கிறாள் என்று நானே சொல்லிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் என் 'முழு' போய்விடும் என்று உள்ளே எங்கோ தெரிந்துதான் இருந்திருக்கும்.

"இப்பவே போய் மைக்ல உண்மையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நக்கோ ஆன்ட்டி. அம்மா அழுவாங்க."

அவள் வேண்டாம் என்றதைச் சட்டென்று பிடித்துக்கொண்டேன். அந்தச் சாட்சியை இன்றுவரை நான் திருத்தவில்லை. உண்மையை எழுத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை.

"எதிர்ல உட்காருங்க" என்றாள். "நான் சாப்பிடணும். ஜெபம் வேண்டாம். சும்மா பாருங்க."

உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆட்கள் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். நடுவில் இரண்டு தடவை கை நின்றது. உதடு அசையப் பார்த்தது, அடக்கிக்கொண்டு அடுத்த வாய் எடுத்தாள். இருபத்தைந்து நிமிஷம் இருக்கும். கடைசியில் தட்டை என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். ஓரத்தில் கொஞ்சம் சோறும் ஒரு கறித்துண்டும் மிச்சம்.

"என்ன எழுதுவீங்க ஆன்ட்டி?"

பண்டிகை நாள். இவ்வளவு தூரம் மீண்டு வந்த பிள்ளை. முழு என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது.

"முக்கால்" என்றேன்.

"ஹவ்" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.